மூச்சுக்குழாய்த் தூண்டல் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பைரோமெட்ரி (குழலில் ஊதி மூச்சை அளக்கும் சோதனை) நார்மல் என்று வந்துவிட்டது. பிறகு எதற்கு இன்னொரு சோதனை?

ஆஸ்துமா வந்துபோகிற நோய். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சை இறுக்கியது, காலை பத்து மணிக்குக் குழலில் ஊதும்போது இருக்காது. ஸ்பைரோமெட்ரி காட்டுவது ஊதிய அந்த நேரத்து மூச்சுக்குழாயை மட்டும்தான். அதில் சுருக்கம் தெரிந்தால் குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, சிறிது நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மி.லி.யும் கூடினால் அது ஆஸ்துமாவுக்கு நல்ல சான்று. சுருக்கமே இல்லாதவருக்கு விரித்துக் காட்ட என்ன இருக்கிறது? ஆகவே எதிர்ப்பக்கமாகப் போகிறார்கள்: கொஞ்சம் கொஞ்சமாகத் தூண்டி, எந்த அளவில் குழாய் சுருங்குகிறது என்று பார்க்கிறார்கள்.

அறிகுறியைக் கேட்டும் ஸ்பைரோமெட்ரியைப் பார்த்தும் "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று மருத்துவர் நிற்கும் இடத்தில்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்த ஆஸ்துமாவுக்கு இதைச் செய்வது நோயாளியை வீணாகச் சிரமப்படுத்துவது.

மூச்சுக்குழாயின் கூருணர்வு என்றால் என்ன? எல்லோருக்கும் புகை பட்டால் இருமல் வரத்தானே செய்கிறது?

வரும். ஆனால் இருமல் வேறு, குழாய் சுருங்குவது வேறு. மூச்சுக்குழாயைச் சுற்றி மெல்லிய தசை வளையம்போல் ஓடுகிறது. தூண்டுபொருள் போதுமான அளவு போனால் எவருக்கும் அந்தத் தசை இறுகும். ஆஸ்துமாக்காரருக்கு இரண்டு விஷயங்கள் மாறியிருக்கும். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத சிறு அளவிலேயே இறுக ஆரம்பிக்கும். இறுக ஆரம்பித்தால் ஒரு கட்டத்தில் நிற்காமல் மேலும் மேலும் இறுகும். சோதனை எண் முதலாவதை மட்டுமே அளக்கிறது. ஆபத்து அதிகம் இரண்டாவதில். முதல் விநாடியில் வெளியேறும் காற்று 20 சதவீதம் குறைந்தவுடன் சோதனையை நிறுத்துவதற்கு அதுவே காரணம்.

மெத்தகோலின், மானிட்டால், ஓட்டச் சோதனை எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. மூச்சில் இழுக்கக் கொடுக்கும் மெத்தகோலினும் ஹிஸ்டமினும் தசையின் மேலேயே நேராக வேலை செய்பவை. மானிட்டால் என்ற பொடி, உடற்பயிற்சி, வறண்ட காற்றை வேகமாக மூச்சுவிடுதல் ஆகியவை சுற்றுவழியில் வருபவை: குழாயின் உட்புற ஈரத்தில் உப்புச்செறிவைக் கூட்டி, அங்குள்ள மாஸ்ட் செல்களை (ஒவ்வாமையில் பங்கேற்கும் செல்கள்) கிளறி, அவை கக்கும் ஹிஸ்டமினும் லூக்கோட்ரியீனும் தசையை இறுக்குகின்றன.

இதனால் நடைமுறையில் பெரிய வேறுபாடு வருகிறது. நேர்வழிச் சோதனை எளிதில் பாசிட்டிவ் ஆகும். ஆகவே அது நெகட்டிவ் ஆனால் நம்பலாம், "இப்போது ஆஸ்துமா இல்லை" என்று ஒதுக்கலாம். சுற்றுவழிச் சோதனை பாசிட்டிவ் ஆக குழாயில் அழற்சி இருக்க வேண்டும். ஆகவே அது பாசிட்டிவ் ஆனால் நம்பலாம். ஆஸ்துமாவை ஒதுக்கப் பார்க்கிறீர்களா, உறுதி செய்யப் பார்க்கிறீர்களா என்பதைத் தெரிந்துகொண்டு சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல இடங்களில் கையில் இருப்பதைச் செய்துவிட்டு, பிறகு அதற்கேற்பக் கேள்வியை வளைக்கிறார்கள்.

மெத்தகோலின் சோதனை படிப்படியாக எப்படி நடக்கும்?

முதலில் சாதாரண ஸ்பைரோமெட்ரி. முதல் விநாடிக் காற்று, அதாவது அறிக்கையில் எஃப்.இ.வி.1 என்று இருப்பது, இரண்டு ஊதல்களுக்காவது 150 மி.லி.க்குள் ஒத்துப்போக வேண்டும். இது சரியாக வராதவருக்கு அன்று மேற்கொண்டு செய்வதில் பொருளில்லை.

அடுத்து, மருந்து இல்லாத உப்புநீரை நெபுலைசரில் இழுக்கச் சொல்வது வழக்கம். அதற்குப் பின் வரும் எஃப்.இ.வி.1தான் ஒப்பிடும் அடிக்கோடு. உப்புநீருக்கே 20 சதவீதம் விழுந்தால் மெத்தகோலின் கொடுப்பதில்லை.

பிறகு மெத்தகோலின், மிகவும் நீர்த்த கரைசலிலிருந்து தொடங்கி. இரட்டிப்பாக ஏற்றினால் மி.லி.க்கு 0.03 மி.கி.யில் ஆரம்பித்து 0.06, 0.125, 0.25 என்று 16 வரை பத்துப் படிகள். நான்கு மடங்காக ஏற்றினால் 0.0625, 0.25, 1, 4, 16 என்று ஐந்து படிகளில் முடியும். மூக்கில் கிளிப் போட்டு, ஒவ்வொரு படியிலும் அளந்த நேரத்துக்குச் சாதாரணமாக மூச்சு விட வேண்டும். ஆழமாக இழுக்கக் கூடாது. இழுத்து முடித்த 30ஆவது விநாடியிலும் 90ஆவது விநாடியிலும் ஊதச் சொல்வார்கள். சரியாக ஊதியவற்றில் உயர்ந்த அளவை எடுத்துக்கொள்வார்கள். ஒரு படி தொடங்கி அடுத்த படி தொடங்க சுமார் ஐந்து நிமிடம். இந்த இடைவெளியை இஷ்டத்துக்கு நீட்டக் கூடாது. மருந்தின் விளைவு படிக்குப் படி சேர்ந்துகொண்டு போவதையும் கணக்கில் வைத்தே அட்டவணை அமைந்திருக்கிறது.

எஃப்.இ.வி.1 அடிக்கோட்டிலிருந்து 20 சதவீதம் குறைந்தால், அல்லது கடைசிப் படி முடிந்தால், சோதனை முடிந்தது. குறைந்திருந்தால் ஸ்பேசர் வழியாகச் சால்பியூட்டமால் 2 முதல் 4 பஃப். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஊத வேண்டும். அடிக்கோட்டின் 90 சதவீதத்துக்குத் திரும்பாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்று எத்தனை முறை சொன்னாலும்.

ஆழமாக இழுத்தால் என்ன கெட்டுவிடும்?

ஆழ்ந்த மூச்சு குழாயை உள்ளிருந்து இழுத்து விரிக்கிறது. இறுகத் தொடங்கிய தசை அதில் தளர்ந்துவிடும். லேசான ஆஸ்துமா உள்ளவர்களில் இந்த விளைவு சோதனையையே நெகட்டிவ் ஆக்கிவிடக்கூடும். முன்பு பரவலாக இருந்த ஒரு முறையில் ஐந்து முழு மூச்சுகளை, நெஞ்சு நிரம்ப, இழுக்கச் சொல்வார்கள். ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கத்தின் 2017 தொழில்நுட்ப வரையறை சாதாரண மூச்சு முறையை விரும்பியதற்கு இது முக்கியக் காரணம். பழைய அறிக்கையையும் புதியதையும் ஒப்பிடும் முன் எந்த முறை என்று பாருங்கள்.

பி.சி.20 என்ற எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

எஃப்.இ.வி.1ஐச் சரியாக 20 சதவீதம் குறைக்கும் கரைசலின் செறிவுதான் பி.சி.20. யாருக்கும் சரியாக 20இல் வந்து நிற்காது. ஒரு படியில் 12, அடுத்த படியில் 28 என்று தாண்டிப் போகும். இடையில் கணித்து எடுக்க வேண்டும்.

உப்புநீருக்குப் பின் 3.10 லிட்டர் என்று வையுங்கள். 20 சதவீதம் குறைந்தால் 2.48. ஒரு மி.லி.க்கு 2 மி.கி. படியில் 2.73 வந்தது, 12 சதவீதக் குறைவு. 4 மி.கி. படியில் 2.23 வந்தது, 28 சதவீதக் குறைவு. 12க்கும் 28க்கும் நடுவில் சரிபாதியில் இருக்கிறது 20. ஆனால் விடை 3 இல்லை, 2.83. படிகள் கூட்டலாக ஏறவில்லை, பெருக்கலாக ஏறுகின்றன. எனவே பாதி வழி என்பது 2ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கியது. மடக்கை அளவுகோலில் கணக்கிடுவது என்பார்களே, அது இதுதான்.

என் அறிக்கையில் பி.சி.20 ஆறு என்று இருக்கிறது. எனக்கு ஆஸ்துமாவா?

எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 16க்கு மேல் என்றால் இயல்பு. 4 முதல் 16 வரை எல்லைக்கோடு. 1 முதல் 4 வரை லேசான கூருணர்வு, 0.25 முதல் 1 வரை நடுத்தரம், 0.25க்குக் கீழே கடுமை. உங்கள் 6 எல்லைக்கோட்டில் விழுகிறது. இரவில் எழுப்பும் இருமல், குளிர்ந்த காற்றில் வீசிங், குடும்பத்தில் ஆஸ்துமா, சோதனையின்போது வழக்கமாக வரும் அதே இறுக்கம் என்றெல்லாம் இருந்தால் அந்த 6க்கு எடை கூடும். வெறும் தொண்டைக் கரகரப்புக்காகச் செய்ததில் வந்த 6க்கு எடை குறைவு.

ஆஸ்துமா இல்லாமலே பாசிட்டிவ் வரும் இடங்கள் உண்டு: மூக்கில் மட்டும் அலர்ஜி இருப்பவர்கள், புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், சமீபத்தில் வைரஸ் சளி வந்து போனவர்கள். சளிக்குப் பிறகு ஆறு வாரம்வரைகூட குழாய் எரிச்சலாகவே இருக்கலாம். அந்த இடைவெளியில் சோதனை செய்து நெடுநாள் ஆஸ்துமா முத்திரை குத்துவது அடிக்கடி நடக்கும் தவறு.

சில அறிக்கைகளில் பி.சி.20க்குப் பதில் பி.டி.20 என்று இருக்கிறதே?

பி.சி. என்பது கரைசலின் செறிவு, பி.டி. என்பது உண்மையில் உள்ளே போன மருந்தின் அளவு. ஒரே செறிவுள்ள கரைசலை ஒரு நெபுலைசர் நிமிடத்துக்கு இவ்வளவு என்று அனுப்பினால் இன்னொன்று பல மடங்கு அனுப்பும். பழைய அட்டவணைகள் எல்லாம் ரைட் நெபுலைசர் என்ற, நிமிடத்துக்கு 0.13 மி.லி. மட்டும் வெளியிடும் கருவியை வைத்து எழுதப்பட்டவை. இன்றைய கருவியில் அதே இரண்டு நிமிடம் இழுக்கச் சொன்னால் மருந்து அளவுக்கு மீறிப் போகும். அதனால்தான் மைக்ரோகிராமில் சொல்லும் பி.டி.20க்கு மாறச் சொல்கிறது 2017 வரையறை. அதன்படி 400க்கு மேல் இயல்பு, 100 முதல் 400 எல்லைக்கோடு, 25 முதல் 100 லேசு, 6 முதல் 25 நடுத்தரம், 6க்குக் கீழ் கடுமை.

எந்த மருந்தை எப்போது நிறுத்த வேண்டும்?

மெத்தகோலினுக்கு: சால்பியூட்டமால் 6 மணி நேரம். இப்ராட்ரோப்பியம் 12 மணி நேரம். தியோஃபிலின் மாத்திரை 12 முதல் 24 மணி நேரம். சால்மெட்டரால்போல நீண்ட நேரம் வேலை செய்யும் விரிப்பிகள் 36 மணி நேரம். ஒரு நாளுக்கு ஒருமுறை எடுக்கும் வகை 48 மணி நேரம். டியோட்ரோப்பியம்போன்றவை முழுதாக ஒரு வாரம். மெத்தகோலின் எந்த ஏற்பியில் ஒட்டுகிறதோ அதையே அடைத்துக்கொண்டிருக்கும் மருந்து அது. நோயாளியும் மறப்பார், சீட்டெழுதியவரும் மறப்பார், சோதனை அழகாக நெகட்டிவ் வரும்.

மான்டெலூகாஸ்ட்டும் ஒவ்வாமை மாத்திரைகளும் மெத்தகோலினைப் பெரிதாகத் தொடுவதில்லை. மானிட்டாலையும் ஓட்டச் சோதனையையும் தொடும். அங்கே மான்டெலூகாஸ்ட் நான்கு நாள், ஒவ்வாமை மாத்திரை மூன்று நாள் நிறுத்த வேண்டும். காபியும் அப்படித்தான்: மெத்தகோலினுக்கு ஒரு கப் குடித்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்பத் தேவையில்லை; மானிட்டாலுக்கு அன்று காபி, டீ, கோலா, சாக்லெட் எதுவும் கூடாது.

நிறுத்தியதால் மூச்சு முட்டினால் இன்ஹேலரை எடுத்துக்கொள்ளுங்கள், சோதனையைத் தள்ளிவைக்கலாம். மருந்து நிறுத்துவதை மருத்துவர் எழுதிக் கொடுத்த பட்டியலின்படிதான் செய்ய வேண்டும்.

ஸ்டீராய்டு இன்ஹேலரையும் நிறுத்த வேண்டுமா?

இங்கேதான் முன்பு சொன்ன "கேள்வி எது" என்பது திரும்ப வருகிறது. "எனக்கு ஆஸ்துமாவே இருக்கிறதா?" என்று கேட்கிறீர்களானால், வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தபிறகு வரும் நெகட்டிவ் எதையும் ஒதுக்காது, அது மருந்து வேலை செய்திருப்பதையும் காட்டலாம். "மருந்து போதுமான அளவில் இருக்கிறதா?" என்று கேட்கிறீர்களானால், மருந்தோடு செய்வதே சரி. மெத்தகோலினைப் பொறுத்தவரை ஒரு வேளை டோஸை மட்டும் தவிர்ப்பதால் எதுவும் மாறாது, ஏனென்றால் ஸ்டீராய்டின் பலன் மெதுவாகச் சேர்ந்து மெதுவாகவே கரையும். மானிட்டாலுக்கு அன்று காலை டோஸைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

மானிட்டால் சோதனை எளிது என்கிறார்களே?

கருவி எளிது, நெபுலைசர் வேண்டாம், கரைசல் கலக்க வேண்டாம். பொடி அடைத்த கேப்ஸ்யூலை சிறு இன்ஹேலரில் போட்டு, ஒரே சீராக ஆழமாக இழுத்து, ஐந்து விநாடி மூச்சைப் பிடித்து விட வேண்டும். 60ஆவது விநாடியில் ஊத வேண்டும். முதலில் காலிக் கேப்ஸ்யூல், பிறகு 5, 10, 20, 40, 80, 160, 160, 160 மி.கி.; மொத்தம் 635. 80க்கு இரண்டு கேப்ஸ்யூல், 160க்கு நான்கு, எல்லாம் 40 மி.கி. அடைத்தவை. காலிக் கேப்ஸ்யூலுக்குப் பின் இருந்த அளவிலிருந்து 15 சதவீதம் குறைந்தாலோ, அடுத்தடுத்த இரண்டு படிகளுக்கிடையே 10 சதவீதம் குறைந்தாலோ பாசிட்டிவ்.

சிரமம் இருமலில். பொடி தொண்டையில் பட்டு இருமுவார்கள். இருமி முடிப்பதற்குள் ஒரு நிமிடம் மூன்றாகிவிடும். படிகளுக்கிடையே காலம் நீண்டால் உப்புச்செறிவு அடங்கிப்போய் தூண்டல் வலுவிழக்கும். நான்கு கேப்ஸ்யூலை நிதானமாக, இடையில் கதை பேசிக்கொண்டு போடும் இடத்தில் வரும் நெகட்டிவை நான் நம்பமாட்டேன்.

ஓடினால் மட்டும்தான் இளைக்கிறது. எனக்கு எது பொருந்தும்?

ஓட்டச் சோதனை. டிரெட்மில்லில் 6 முதல் 8 நிமிடம். முதல் இரண்டு, மூன்று நிமிடத்திலேயே வேகத்தை ஏற்றி, மீதி நேரம் இதயத்துடிப்பை உச்ச அளவின் 80 முதல் 90 சதவீதத்தில் வைத்திருக்க வேண்டும். உச்ச அளவு என்பது தோராயமாக 220இலிருந்து வயதைக் கழித்தது. 20 வயதுக்காரருக்கு 160 முதல் 180. மெதுவாக ஏற்றினால் அதுவே வார்ம்-அப் ஆகிவிடும், குழாய் சுருங்காது. மூக்கில் கிளிப், அறையில் 20 முதல் 25 டிகிரி, காற்று வறண்டிருக்க வேண்டும். ஈரக்காற்றில் ஓடி வந்த நெகட்டிவுக்கு அர்த்தம் இல்லை. குழாயை உலர்த்துவதுதான் தூண்டலே. ஓடி நிறுத்திய பிறகு 5, 10, 15, 30 நிமிடங்களில் ஊத வேண்டும். 10 சதவீதம் குறைந்தால் பாசிட்டிவ். 25 வரை லேசு, 50 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

சோதனைக்கு முன் நான்கு மணி நேரம் கடும் உடற்பயிற்சி கூடாது. ஒருமுறை சுருங்கிய குழாய் சில மணி நேரம் மறுபடி சுருங்க மறுக்கும். சோதனைக்கு நேரமாகிவிட்டதென்று பேருந்து நிறுத்தத்திலிருந்து ஓடி வந்தவருக்கும் இது பொருந்தும்.

நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரருக்கு டிரெட்மில் போதாமல் போகலாம். அவர்களுக்கு 5 சதவீதம் கரியமிலவாயு கலந்த வறண்ட காற்றை ஆறு நிமிடம் மிக வேகமாகச் சுவாசிக்க வைப்பார்கள். இலக்கு நிமிடத்துக்கு எஃப்.இ.வி.1ஐப்போல 30 மடங்கு: 4 லிட்டர் என்றால் 120 லிட்டர். கரியமிலவாயு சேர்ப்பது மயக்கம் வராமலிருக்க.

யாருக்குச் செய்யக் கூடாது?

எஃப்.இ.வி.1 எதிர்பார்க்கும் அளவில் 60 சதவீதத்துக்குக் கீழ், அல்லது பெரியவர்களில் 1.5 லிட்டருக்குக் கீழ் இருந்தால் மெத்தகோலின் வேண்டாம். மானிட்டாலுக்கு எல்லை 70 சதவீதம். மூன்று மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ரத்த அழுத்தம் 200/100க்கு மேல் கட்டுப்பாடில்லாமல் இருப்பவர்கள், மகாதமனி வீக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் கண் அறுவை செய்துகொண்டவர்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் மெத்தகோலின் தவிர்க்கப்படுகிறது. தசைப்பலவீன நோய்க்குப் பைரிடோஸ்டிக்மின்போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு மெத்தகோலின் உடலில் உடையாமல் தங்கி விளைவு பெருகும். பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் ஒருவகை மருந்து) எடுப்பவர்களை முன்பே கேட்டு அறிய வேண்டும்: சுருக்கம் கூடலாம், மீட்கக் கொடுக்கும் சால்பியூட்டமாலும் சரியாக வேலை செய்யாது.

சோதனையிலேயே ஆஸ்துமா அட்டாக் வந்துவிடாதா?

வருவது அளவான சுருக்கம்தான். இருமல், நெஞ்சு இறுக்கம், லேசான வீசிங் எதிர்பார்க்கலாம். சால்பியூட்டமாலுக்குப் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கும். பயப்பட வேண்டியது அவசரத்துக்கு. முந்தைய படியின் ஊதல் முடியாமல் அடுத்த படியைக் கொடுப்பது, சிறிய படிகளைத் தாண்டிக் குதிப்பது, அறையில் ஆக்ஸிஜனும் நெபுலைசர் சால்பியூட்டமாலும் தயாராக இல்லாமல் தொடங்குவது. மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். சோதனை செய்பவருக்கே ஆஸ்துமா இருந்தால் அவர் அந்த அறையில் நிற்கக் கூடாது. வெளிவிடும் மூச்சில் மருந்து காற்றில் கலக்கும், வடிகட்டியும் காற்றோட்டமும் இருந்தாலும்.

முடிவு தவறாக வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் எது?

ஊதல். களைத்துப்போனவர் முழுதாக இழுக்காமல் ஊதினால் எஃப்.இ.வி.1 குறையும், கணினி அதைச் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டு 20 சதவீதம் காட்டும். வரைபடத்தைப் பார்த்தால் தெரியும்: உண்மையான சுருக்கத்தில் ஊதும் பக்கத்து வளைவு உள்நோக்கிக் குழிந்திருக்கும், அரைகுறை மூச்சில் வளைவின் உச்சமே மழுங்கியிருக்கும். குரல்நாண்கள் தவறான நேரத்தில் மூடிக்கொள்பவர்களுக்கு உள்ளிழுக்கும் பக்கம் தட்டையாகும். இவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் ஆஸ்துமா இன்ஹேலர் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எண்களை மட்டும் அச்சிட்டு வளைவைத் தராத அறிக்கையில் பாதித் தகவல் இல்லை. கேட்டு வாங்குங்கள்.

குழந்தைகளுக்குச் செய்யலாமா?

ஊதத் தெரிந்தால் செய்யலாம். சுமார் ஆறு வயதிலிருந்து.

வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளப்பது இதற்கு மாற்றாகுமா?

அது வேறொன்றை அளக்கிறது: ஈயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் சேர்ந்து வரும் வகை அழற்சியை. பெரியவர்களில் நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் என்றால் அதிகம், 25க்குக் கீழ் குறைவு. அழற்சி இல்லாமலும் கூருணர்வு இருக்கலாம். புகைபிடித்தால் அளவு இறங்கும். இரண்டையும் ஒரே நாளில் செய்வதானால் நைட்ரிக் ஆக்சைடு முதலில். பலமுறை அழுத்தி ஊதியபின் எடுத்த அளவு குறைத்துக் காட்டும்.

இந்தச் சோதனைகள் எதுவும் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது?

பீக் ஃப்ளோ மீட்டர், அதாவது ஊதும் காற்றின் உச்ச வேகத்தை அளக்கும் சிறு கருவி. காலையும் மாலையும், ஒவ்வொரு முறையும் மூன்று ஊதலில் உயர்ந்ததை, இரண்டு வாரம் எழுதி வையுங்கள். அன்றைய உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததைக் கழித்து, இரண்டின் சராசரியால் வகுக்க வேண்டும். மாலை 400, காலை 340 என்றால் 60ஐ 370ஆல் வகுக்க 16 சதவீதம். இரண்டு வாரச் சராசரி பெரியவர்களில் 10, குழந்தைகளில் 13 சதவீதத்தைத் தாண்டினால் குழாய் நிலையாக இல்லை. ஒரே மீட்டரையே பயன்படுத்துங்கள்.

வேலை செய்யும் இடத்தில் மட்டும் மூச்சு முட்டுகிறது. சோதனை நெகட்டிவ் வந்தது. எப்படி?

எப்போது செய்தீர்கள் என்று பாருங்கள். விடுப்பில் இருந்து, இரண்டு மூன்று வாரம் அந்தத் தூசியையோ ஆவியையோ சுவாசிக்காமல் செய்திருந்தால் குழாய் அடங்கியிருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் காலத்தில், கடைசியாக வேலை முடிந்து 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை. பிறகு குறைந்தது இரண்டு வாரம் விலகியிருந்து மறுமுறை. ஒரே நிலையில் திரும்பச் செய்தாலே பி.சி.20 ஒன்று, ஒன்றரைப் படி மேலும் கீழும் போகும் என்பதால், மூன்று மடங்குக்கு மேல் வேறுபட்டால்தான் அதை மாற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு முறையும் அதே ஆய்வகம், அதே நெபுலைசர், முடிந்தால் அதே நேரம்.